சத்தம் என்று எழுதிக் கொடுத்தவர்

கடையில் இப்போது இருக்கிறவர்கள் என்னை நிம்மதியாக ஓய்வெடுக்க விடுவதாக இல்லை. "அக்கா, சின்ன பிசிக்கு பார்ட்ஸ் எப்படிப் பார்த்து எடுக்கிறதுன்னு எழுதிக் குடுங்க, புதுசா வந்தவங்களுக்கு யூஸ் ஆகும்" என்று கைப்பேசிக் குழுவில் மாதக்கணக்காக நச்சரிப்பு. நானும் பேரப்பிள்ளைகளைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். போன வாரம் அவர்களில் ஒருத்தி, "இப்ப வெப்சைட்டே எல்லாம் பார்த்துக்குது அக்கா, பொருந்துனா பச்சை டிக் போட்டுடுது" என்று எழுதினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பச்சை டிக் எதற்கு எது பொருந்தும் என்று சொல்கிறது? மதர்போர்டுக்கு பிராசசர் பொருந்தும் என்கிறது. சரி. பிடோக்கில் ஒன்பதாவது மாடியில் ஒரு கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கும் இடுக்கைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் புஷ்பா. ரோச்சோர் பக்கம் கணினிக் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் ஹார்டு டிஸ்க் செய்யும் தொழிற்சாலை. கண்மட்டும் தெரியும்படி வெள்ளை அங்கியைப் போர்த்திக்கொண்டு, மூச்சுக்கூட மெதுவாக விட்டுச் செய்த வேலை. அந்த வேலை வேறு நாட்டுக்குப் போனபோது எனக்கு முப்பத்தாறு வயது. கை நடுங்காது என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் கிடையாது. காதர் பாய் அது போதும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஆறு மாதத்தில் பெட்டிகளைப் பூட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

காதர் பாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கடை முதலாளி. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அவருடைய அத்தா தேக்காவில் தையல் கடை வைத்திருந்தார். அந்தக் கடையிலிருந்து மகனுக்கு வந்து சேர்ந்தது ஒரு மஞ்சள் டேப் மட்டும். அதை எப்போதும் கழுத்தில் போட்டிருப்பார். ஒருமுறை யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கள் கடைக்குள் நுழைந்து கால்சட்டையைச் சின்னதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். பாய் சிரிக்காமல் இடுப்பை அளந்து பார்த்து, "முடியாது, சாப்பாட்டைக் குறைங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினார். அப்படி ஒரு மனிதர்.

யார் வந்து என்ன கேட்டாலும் அவர் முதலில் சரக்கைக் காட்டமாட்டார். "இந்த கிராஃபிக்ஸ் கார்டு இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், கண்ணாடி மேசையில் கையை விரித்து வைத்து அந்த கார்டையே மறைத்துக்கொண்டு, "எங்க வைப்பீங்க?" என்பார். பக்கத்துக் கடைக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அரைத்தாள் அளவில் ஒரு ஃபாரம் வைத்திருந்தார். அதில் மூன்றே கேள்விகள். எங்கே வைப்பீர்கள்? அந்த அறையில் யார் தூங்குவார்கள்? எது முக்கியம்? இந்த மூன்றையும் நாங்கள் வாயால் கேட்டு, எங்கள் கையால் எழுத வேண்டும். எழுதியதை வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்லி, வந்தவர் "ஆமா" என்று சொன்ன பிறகுதான் மேசை மேலிருந்து அவர் கை எழும்.

"கஸ்டமர் கையில பேனாவைக் குடுத்துடாதே புஷ்பா" என்று சேர்ந்த வாரமே சொன்னார். "அவங்க எழுதுனா ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிடுவாங்க. நீ எழுதுனா, அந்தக் கோட்டை ரொப்புறதுக்காவது இன்னொரு கேள்வி கேட்பே."

நான் அப்போது மனதுக்குள், ஒரு பெட்டி விற்பதற்கு இத்தனை பாடா என்று நினைத்தேன்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. யார் தூங்கினால் நமக்கென்ன? ஒரு பையன் வந்தான், பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். கண்ணாடிப் பக்கம், வானவில் விளக்கு, நான்கு ஃபேன் என்று கேட்டதையெல்லாம் போட்டுக் கொடுத்தேன். பாய் அன்று கடையில் இல்லை. மூன்றாம் நாள் அவனுடைய அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்சி ஓட்டுநர். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் அதே அறையில்தான் படுக்கிறார். "பகல்ல டிஸ்கோ மாதிரி இருக்கு லா" என்றார் பாவம். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் விட்டதில்லை.

இன்னொரு பெட்டி வெள்ளிக்கிழமை மட்டும் நின்றுபோகும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு வீடு. கணக்காய்வாளர் ஒருவருக்காகச் சாமி மேடைக்குக் கீழே இருந்த அலமாரியில் அளந்து வைத்த சின்னப் பெட்டி. மற்ற ஆறு நாளும் ஒரு குறையும் இல்லை. இரண்டு தடவை கடைக்குக் கொண்டுவந்து பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். அவருடைய மனைவி அன்று மட்டும் மேடைக்கு ஜரிகைத் துணி கட்டுகிறார். அது தொங்கிக்கொண்டு வந்து, பெட்டி மூச்சு விடும் துளைகளை அழகாக மூடியிருந்தது! திரும்பி வந்து சொன்னேன். பாய் உடனே ஃபாரத்தை எடுத்து முதல் கேள்விக்குப் பக்கத்தில் "வெள்ளிக்கிழமை?" என்று எழுதினார். எங்களிடம் வந்த சீன வாடிக்கையாளர்கள் பலபேர் இந்தக் கேள்வியைக் கேட்டு விழித்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சின்னதாகவும் இருக்க வேண்டும், வேகமாகவும் இருக்க வேண்டும் என்று ஒருவர் வந்தால் நம் ஆட்கள் முதலில் கேஸை, அந்த வெளிக்கூட்டைக் காட்டுகிறார்கள். அழகாக இருக்கிறது, கைக்குள் அடங்குகிறது, வாங்குகிறவர் முகம் மலர்ந்துவிடுகிறது. அப்புறம் அதற்குள் எது நுழையுமோ அதைத் தேட வேண்டியதாகிவிடும். செய்யப்போகும் வேலையிலிருந்து தொடங்குங்கள். அந்த வேலை கிராஃபிக்ஸ் கார்டில் எவ்வளவு மெமரி கேட்கும் என்று பாருங்கள். அந்த கார்டு எத்தனை நீளம், எத்தனை தடிமன், எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பது அதற்கு அடுத்தது. அதைத் தாங்கும் பவர் சப்ளை, அதன் சூட்டை வெளியேற்றும் ஃபேன், இவையெல்லாம் அடங்கும் கேஸ் எது என்பதைக் கடைசியில் பாருங்கள். கார்டு கேஸுக்குள் நுழைந்துவிட்டால் போதாது, பவர் கம்பி வளைவதற்கு இரண்டு விரல் இடம் வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இவ்வளவும் தெரிந்த நான்தான், ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது, என் வேலைக் காலத்திலேயே பெரிய தப்பைச் செய்தேன். அதைத்தான் உண்மையில் எழுத நினைத்தேன். மற்றதெல்லாம் முன்னுரை.

காதர் பாய் அதற்குள் கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு கேலாங்கில் வீட்டோடு இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு பெரியவர் தனியாக வந்தார். பெயர் கோவிந்தராஜ். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விமான எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. நான் எதைச் சொன்னாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்பார். செவிப்பொறி இருக்கிறதாம், சட்டைப் பையில்! போட்டால் காதுக்குள் இரைகிறதாம்.

அவருடைய மனைவி லலிதாவுக்கு நரம்பும் தசையும் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும் நோய். கை கால் போய், பேச்சும் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது கண் மட்டும்தான். கண்ணால் எழுதும் திரை ஒன்று மருத்துவமனையில் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தை உற்றுப் பார்த்தால் அது விழும். அவர்களுடைய மகள் நித்யா மென்பொருள் எழுதுகிறவள். அம்மா பல வருடமாக அவளுக்கு அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தாள். அவற்றை வைத்து, அம்மா கண்ணால் எழுதுவதை அம்மாவுடைய குரலிலேயே பேச வைக்கும் ஒரு புரோகிராமைத் தயார் செய்திருந்தாள். இணையத்துக்கு அனுப்பி வாங்கினால் பதில் வருவதற்குள் பேச்சு ஆறிப்போகிறது. அதோடு, "என்னோடது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்" என்று அம்மா எழுதிவிட்டாராம். அதனால் வீட்டிலேயே, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி, ஆனால் வலுவான பெட்டி வேண்டும். நித்யா அந்த வாரம் வேலை விஷயமாக வெளிநாடு போயிருந்தாள்.

இதையெல்லாம் அவர் சொல்லி நான் புரிந்துகொள்வதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்திக் கேட்க வேண்டியிருந்தது. எதிர்க்கடைப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டேன். "அண்ணே, நீங்களே எழுதிடுங்க!"

அவர் சந்தோஷமாக எழுதினார். சரக்குப் பெட்டிகளில் சீட்டெழுதிப் பழகிய கை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எங்கே வைப்பீர்கள்: கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில். யார் தூங்குவார்கள்: நானும் என் மனைவியும். நான் தரையில். எது முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு சொல்.

சத்தம்.

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கோட்டில் அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! கைக்குழந்தை இருக்கிற வீடு, பரீட்சைக்குப் படிக்கிற வீடு, டாக்சிக்காரர் வீடு. சத்தம் என்று எழுதினால் சத்தம் வரக்கூடாது என்று அர்த்தம். இது நோயாளி படுத்திருக்கும் அறை வேறு. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. திருப்பிச் சொல்லவும் இல்லை. இன்னொரு முறை கத்த எனக்குச் சோம்பலாக இருந்தது. வேறு காரணம் எதையும் சொல்லி நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை.

வீட்டுக்குப் போய் இடத்தை அளந்தேன். பிடோக்கில் மூவறை வீடு, உள் அறை. லலிதாக்கா முகமூடி மாதிரி ஒரு சுவாசக் கருவியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே வரவேற்றார். சிலருக்குக் கண்ணே வாயாக இருக்கும், அவருக்கு அப்படி. கட்டிலை ஏற்றி இறக்கிப் பார்த்து, அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து அளந்தேன். வெள்ளிக்கிழமையைப் பற்றிக்கூடக் கேட்டேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், முக்கியமான ஒன்றைத் தவிர.

ஷூ டப்பாவைவிடச் சற்றே பெரிய கேஸ். அதற்குள் அடங்கும் குட்டை கார்டு, எட்டு ஜிபி மெமரி. அதைவிடப் பெரிய கார்டு போட்டால் சூடு ஏறும், ஃபேன் இரையும். நித்யாவுக்குச் செய்தி அனுப்பி, எட்டு போதுமா என்று கேட்டேன். எங்கேயோ விமான நிலையத்தில் இருந்தாள். "சின்ன வெர்ஷன் போட்டா ஓடும் ஆன்ட்டி" என்று பதில் வந்தது. ஓடினால் போதும் என்று வைத்துக்கொண்டேன். ஃபேன் ஒவ்வொன்றையும் எவ்வளவு மெதுவாகச் சுற்றவைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக்கினேன். கேஸின் அடியில் ரப்பர் ஒட்டினேன். காதை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் கேட்காது. சொல்லப்போனால், அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கொண்டுபோய் வைத்த நாளில் நித்யா திரும்பி வந்திருந்தாள். புரோகிராமை ஏற்றிக்கொண்டே, பழைய குரல் செய்தி ஒன்றைக் கைப்பேசியில் எனக்குப் போட்டுக் காட்டினாள். "நித்யா, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா, போன தடவை மாதிரி வாடுனதை வாங்கிட்டு வராதே... ஏங்க! காது கேக்குதா? அடுப்பை அணைங்க! பால் பொங்குது!" முதல் பாதி ஒரு குரல், பின்பாதி கூரை பெயர்ந்துவிடும்போல ஒரு குரல். அவள் சிரித்தாள். "எல்லா மெசேஜும் இப்படித்தான் ஆன்ட்டி. பாதி எனக்கு, பாதி அப்பாவுக்கு."

எல்லாம் தயாரானது. லலிதாக்கா கண்ணால் எழுதினார். ஸ்பீக்கரிலிருந்து, "நான் லலிதா பேசுகிறேன்" என்று வந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்திருந்த கோவிந்தராஜ் அண்ணன், "பேசுறா! பேசுறா!" என்று கையைத் தட்டினார். நான் பெட்டிப் பக்கம் குனிந்து பார்த்தேன். ஓடுவதே தெரியவில்லை.

அப்போது திரையில் இரண்டு சொற்கள் விழுந்தன. சத்தம் இல்ல.

"ஆமாக்கா!" என்றேன் பல்லெல்லாம் தெரிய. "சத்தமே இல்லை பார்த்தீங்களா? எவ்வளவு பாடுபட்டு அமைச்சேன் தெரியுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, மறுபடி எழுதினார். என் சத்தம் இல்ல.

எனக்கு இன்னும் புரியவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நித்யாதான் மெதுவாகச் சொன்னாள். "அம்மா சொல்றது கரெக்ட் ஆன்ட்டி. வாய்ஸ் அம்மாவோடதுதான், ஆனா அம்மா பேசுற மாதிரி இல்லை." அவள் சொன்ன பிறகுதான் என் காதிலும் விழுந்தது. எம்ஆர்டி ரயிலில் கதவு மூடப்போகிறது என்று சொல்கிற அம்மாளைப் போல, ஏற்றம் இறக்கம் இல்லாமல், கோபம் கிண்டல் இல்லாமல் பேசியது. சின்ன வெர்ஷனால் அவ்வளவுதான் முடியும். முழு வெர்ஷனை ஏற்ற என் கார்டில் இடம் போதவில்லை.

அண்ணன், "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பையிலிருந்த ஃபாரத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கத்திக் கேட்டேன். அன்று கடையில் கத்தியிருக்க வேண்டிய கத்தல்.

"அவ சத்தம்தான்" என்றார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. "அவ சத்தம் கேட்டு ஒரு வருஷம் ஆச்சு தங்கச்சி. அதுக்குத்தானே இவ்வளவும்."

காது கேட்காத மனிதர் ஃபேன் இரைச்சலைப் பற்றி எதற்குக் கவலைப்படப் போகிறார்? அவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு என் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாரே! அந்த அறையில் சுவாசக் கருவியே நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கிறது. எதையுமே நான் பார்க்கவில்லை. லலிதாக்கா திரையில், மூடிடுங்க, என்று எழுதினார். இப்படிப் பேசுவதற்குப் பேசாமலே இருந்துவிடுகிறேன் என்று அதற்கு அர்த்தம். அந்த நோயில் அடுத்த மாதம் கண் எப்படி இருக்கும் என்று டாக்டர்களே சொல்லமாட்டார்கள். லிஃப்டில் இறங்கும்போது அழுதேன். அவமானமும் இருந்தது, அதைவிட அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டது தாங்கவில்லை.

மறுநாள் காலையில் கேலாங் போனேன். பாய் வீட்டுக்குக் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாரத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கே. யாரு எழுதுனது?"

"அவரே எழுதுனாரு பாய்."

"அப்ப நீ கேட்கலை."

"கேட்கலை."

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பால் போட்ட தேயை ஆற்றிக் குடித்துவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். டேப்பைக் காணோம் என்று ஞாபகம் வந்ததுபோல வீட்டுக்கு ஏறிப்போய் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "போய் மறுபடி அள. அந்த இடுக்குல நுழையாது. வேற இடம் பாரு. இந்தத் தடவை பேனா உன் கையில இருக்கட்டும்."

அன்று மதியம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, லலிதாக்காவிடமே கேட்டேன். அவர் கண்ணால் எழுத, நான் காகிதத்தில் எழுதி, வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொன்னேன். ஃபேன் சத்தம் வந்தால் பரவாயில்லையா? பரவாயில்ல, இவரு குறட்டைய விடவா? பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால்? வீடு கொள்ற வரைக்கும் சரி. எது முக்கியம்? இதற்கு அவர் வெகுநேரம் எழுதினார். நான் இவரைத் திட்டுனா இவருக்குக் கேட்கணும்.

"நீங்க திட்டுறது அண்ணனுக்கு அப்படியே போய்ச் சேரணும், அதானேக்கா?" என்றேன். ஆமா என்பதற்கு அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். மூடித் திறந்தார்.

பதினாறு ஜிபி கார்டு எடுத்தேன். தடித்தது, நீளமானது. அதற்குத் தகுந்த பவர் சப்ளை, பெரிய ஃபேன் இரண்டு, அதற்கெல்லாம் இடம் கொடுக்கும் கேஸ். கார்டு குடிக்கும் மின்சாரத்தை முக்கால் பங்குக்கு மேல் போகாமல் கட்டிவைத்தேன். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது, சூடு நிறையக் குறைந்தது. இதைப் புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், சின்னப் பெட்டிக்கு இது பெரிய உதவி. என் தப்பால் வந்த செலவை நானே ஏற்றுக்கொண்டேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இடம்தான் சிக்கல். அலமாரி இடுக்கில் நுழையாது. தலைமாட்டுச் சுவரோரம் ஒரே ஓர் இடம் இருந்தது. அது அண்ணன் இரவில் படுக்கை விரித்துத் தலையணை வைக்கும் இடம். டேப்பைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நின்றேன். அவர் புரிந்துகொண்டார். தலையணையை எடுத்துக் கால்மாட்டுப் பக்கம் போட்டுப் படுத்துக் காட்டினார். "இப்படிப் படுத்தா நல்லதுதான் தங்கச்சி. அவ முகம் தெரியும். இத்தனை நாளா கட்டில் காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பூட்டினேன். ஃபேன் மெல்ல இரைந்தது. எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நித்யா முழு வெர்ஷனை ஏற்றினாள். அப்பாவைக் கூப்பிடுகிற குரல் செய்திகளையெல்லாம் தனியாகச் சேர்த்து வைத்திருந்தாளாம், முதல் தடவை அவை உள்ளே போகவே இடம் இல்லையாம். ஒரு மணி நேரம் ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அதுவரை அறையில் இருக்கப் பொறுக்காமல் சமையற்கட்டுக்குப் போய்த் தே கலக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். செவிப்பொறி அன்றும் சட்டைப் பையில்தான்.

நித்யா அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். லலிதாக்கா எழுத ஆரம்பித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுத்திலிருந்து எழுத்துக்குத் தாவி, கடைசியில் ஓரிடத்தில் நின்றது.

"ஏங்க! காது கேக்குதா?"

கூரை பெயர்ந்துவிடும்போலத்தான் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையற்கட்டில் கரண்டி கீழே விழுந்தது. அண்ணன் கையைக் காதுக்குக் கொண்டுபோகவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"கேக்குது லா, கேக்குது! எதுக்கு இப்படிக் கத்துறே?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றார். மெல்லத் திரும்பி, அறை வாசலைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. லலிதாக்காவுடைய கண் மறுபடி திரைக்குப் போனது. இந்த முறை குரல் தணிந்து வந்தது, கொத்தமல்லி வாங்கிவரச் சொன்ன குரல்.

"சரி, அடுப்பை அணைச்சுட்டு வாங்க. பக்கத்துல உட்காருங்க."

நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு சொல்லாமலே கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து லிஃப்டுக்கு வந்தபோது, அங்கேயும் கேட்டது. பால் பாக்கெட்டை யார் வெளியே வைத்தது என்று லலிதாக்கா அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.